கொலுப் பொம்மைகளுக்குத் தொகுதியாக வண்ணம் தீட்டும் முறை

மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் களிமண் பொம்மை செய்தல் பல குடும்பங்களின் பிழைப்பாகும். நவராத்திரியைத் தவறவிட்ட பொம்மைக்கு அடுத்த ஆண்டு வரை கிராக்கி இராது.

எமது வட்டாரத்து மகளிர் குழு ஒன்று, தசாவதாரத் தொகுதியின் 10 உருவங்களையும் ஒவ்வொன்றாகத் தீட்டி முடித்தது. இராமனுக்கு ஒரு நாளும் கண்ணனுக்கு மறுநாளும் நீலம் குழைத்தபடியால் நிறம் வேறுபட்டது. வியாபாரி தொகுதியையே தள்ளிவிட்டார்.

இதற்கு மாற்று யாதெனில், 5 தொகுதிகளை, அதாவது 50 உருவங்களை, பலகைமீது வரிசையாக நிறுத்தி, ஒரு வண்ணத்தை உரியவை அனைத்திற்கும் பூசிய பின்னரே அடுத்ததை எடுத்தல். கடைசி உருவத்தை முடிக்கையில் முதலாவது பெரும்பாலும் காய்ந்திருக்கும். தூரிகை கழுவும் வேலையும் குறையும். முதலில் வெள்ளைப் பூச்சு, பின்பு மேனி நிறம், ஆடை, பொன் நகை. மேனி நிறத்தை முழுத் தேவைக்கும் ஒரே தடவையில் குழைத்து மூடிவைத்தல் வேண்டும். ஈரம் வற்றாத மண்மீது பூசினால் வண்ணம் உரிந்துவிடும். மழை நாட்களில் ஊராட்சி மன்றத்தார் சமுதாயக் கூடத்தை உலர்த்துவதற்கு ஒதுக்கித் தரலாம்.

கண் எழுதுவதை மட்டும் பலர் பகிர்ந்துகொள்ளலாகாது. கை மாறினால் பார்வை மாறிவிடும். அக்குழுவில் அப்பணி மூதாட்டி ஒருவருடையது; காலை வெளிச்சத்தில் அவர் தூரிகையை எடுத்துவிட்டால் எவரும் அவரைப் பேச்சுக்கு இழுப்பதில்லை.