பழைய கணினியில் உள்ள மெயில் புதிய கணினிக்கு வருமா?

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். கடையில் 2005-இல் வாங்கிய கணினி, விண்டோஸ் எக்ஸ்பி. புட்டடி ஏலம், போடி ஏலம், பில், வடநாட்டுப் பார்ட்டிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாமே அதில் உள்ள அவுட்லுக் எக்ஸ்பிரஸில்தான் இருக்கின்றன. சில வருடங்களாக அதில் புது மெயில் இறங்குவதில்லை. பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. போனில்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியிருக்கிறேன். அதில் அவுட்லுக் இருக்கிறது. பழைய ஃபோல்டரை பென்டிரைவில் எடுத்து இதில் போட்டால் போதுமா, வேறு புரோகிராம் வேண்டுமா? பள்ளியில் படிக்கும் மகள் லினக்ஸ் போடச் சொல்கிறாள். அது சரிப்படுமா?

— வாசகர், வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்

பதில்: நல்ல கேள்வி, ஐயா. பழைய கணினியை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு இதே கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம். நீங்கள் அதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதங்களைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் பெயரால் வந்த குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் புதுப் பதிப்புதான் அவுட்லுக் என்று பலரும் நினைக்கிறார்கள். போடியும் போடிமெட்டும் ஒரே ஊர் என்று வெளியூர்க்காரர் நினைப்பது போலத்தான் இது. இரண்டையும் மைக்ரோசாஃப்ட்தான் செய்தது, ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ஃபோல்டரையும் டிபிஎக்ஸ் என்று முடியும் ஒரு ஃபைலாக வைக்கும். இன்பாக்ஸுக்கு ஒன்று, அனுப்பியவற்றுக்கு ஒன்று என்று இருக்கும். உங்கள் லேப்டாப்பில் உள்ள புதிய அவுட்லுக்குக்கு அந்த ஃபைலைத் திறக்கத் தெரியாது. ஆகவே பென்டிரைவில் எடுத்துப் போட்டால் மட்டும் போதாது.

பாஸ்வேர்டு கேட்பதற்கு நீங்கள் காரணமில்லை, கணினியும் பழுதாகவில்லை. உங்கள் முகவரி ஜிமெயிலாக இருந்தால் காரணம் இதுதான்: வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் தட்டும் பழைய புரோகிராம்களை 2022 மே 30 முதல் கூகுள் உள்ளே விடுவதில்லை. இப்போது கேட்பது ஓஆத் என்ற முறை. அதாவது, பாஸ்வேர்டை புரோகிராமிடம் கொடுக்காமல் கூகுளின் சொந்தப் பக்கத்தில் நீங்களே உள்நுழைந்து, ‘இந்த புரோகிராம் என் மெயிலைப் பார்க்கலாம்’ என்று அனுமதி தருவது. 2001-இல் எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்கு இது தெரியாது. எக்ஸ்பிக்கே 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதை மறுபடி இணையத்தில் இணைத்து ஓட்டப் பார்க்க வேண்டாம்.

எந்த புரோகிராம் என்பதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மெயில் புரோகிராம்களுக்கு ஆயுள் குறைவு. 1988-இல் பிறந்து உலகமே கொண்டாடிய யூடோராவை 2006-இல் கைவிட்டார்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குப் பின் விஸ்டாவில் விண்டோஸ் மெயில் வந்தது. விண்டோஸ் 7-இல் எதுவுமே இல்லை. விண்டோஸ் லைவ் மெயிலைத் தனியாக இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதுவும் 2017 ஜனவரியோடு முடிந்தது. விண்டோஸ் 10-இல் இருந்த மெயில் செயலியின் கதை 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது. இன்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் பத்து வருடத்தில் அதுவும் போகலாம். அதனால், ‘எது பார்க்க நன்றாக இருக்கிறது’ என்று நான் கேட்பதில்லை. ‘இது போனால் என் கடிதங்களை வேறொன்றில் திறக்க முடியுமா’ என்றுதான் கேட்பேன்.

இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்வது மோசில்லாவின் தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இலவசம். கடிதங்களை எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் வைக்கிறது. அதாவது, கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்த சாதாரண எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தால்கூட அனுப்பியவர் பெயரும் தேதியும் தெரியும். எத்தனையோ புரோகிராம்கள் அதைப் படிக்கும்.

லேப்டாப்போடு வந்த அவுட்லுக் மோசமில்லை. ஆனால் ஜிமெயில் கணக்கை அதில் சேர்த்தால் உங்கள் கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். இலவசமாகப் பயன்படுத்தினால் இன்பாக்ஸில் விளம்பரமும் வரும். வியாபாரக் கடிதம் இன்னொரு இடத்திலும் போய் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி மாற்றும் வேலை. முதலில் ஜிமெயிலை பிரவுசரில் திறந்து ஆகப் பழைய மெயில் எது என்று பாருங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் பாப் முறையில்தான் மெயிலை இறக்கும். சர்வரிலிருந்து கணினிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வதுதான் பாப். சர்வரில் நகல் மிஞ்சுமா என்பது அமைப்பைப் பொறுத்தது. ஜிமெயிலில் நகல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஜிமெயிலுக்கு முன் டெலிபோன் இணைப்போடு கிடைத்த முகவரி ஏதாவது வைத்திருந்தீர்களானால், அந்தக் கடிதங்கள் உலகத்திலேயே உங்கள் கடைக் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

அதனால் எதையும் தொடும் முன் நகல் எடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டெனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர் என்று போனால் ஒரு நீளமான முகவரி காட்டும். அந்த ஃபோல்டர் மறைந்திருப்பது. சும்மா தேடினால் அகப்படாது. முகவரியை நகலெடுத்து ‘ரன்’ பெட்டியில் ஒட்டினால் திறக்கும். புரோகிராமை மூடிவிட்டு உள்ளே இருக்கும் டிபிஎக்ஸ் அத்தனையையும் பென்டிரைவில் போடுங்கள். மூடும்போது ‘கம்பாக்ட் செய்யவா’ என்று அது கேட்கக்கூடும். அழித்த கடிதங்களின் இடத்தைச் சுருக்கி ஃபைலைத் திரும்ப எழுதும் வேலை அது. வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் எப்படிப் போய் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நின்றால் இன்பாக்ஸே காலியாகிவிடலாம். ஒரு டிபிஎக்ஸ் 2 ஜிபியை நெருங்கியிருந்தாலும் அதே ஆபத்து உண்டு.

அடுத்து, எக்ஸ்பியில் ஓடும் கடைசி தண்டர்பேர்டான 52-ஆம் பதிப்பை லேப்டாப்பில் இறக்கி, பென்டிரைவ் வழியாகப் பழைய கணினியில் போடுங்கள். டூல்ஸில் உள்ள இம்போர்ட் மூலம் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்களையும் முகவரிப் புத்தகத்தையும் உள்ளே எடுங்கள். கடிதங்கள் அதிகமென்றால் நேரமாகும், பொறுங்கள். அவை ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் வந்து சேரும். அதன் செட்டிங்ஸில் அந்த ஃபோல்டர் டிஸ்கில் இருக்கும் இடம் தெரியும். புது லேப்டாப்பில் இன்றைய தண்டர்பேர்டைப் போட்டு, இரண்டு பக்கமும் புரோகிராமை மூடிவிட்டு, பழைய கணினியின் லோக்கல் ஃபோல்டர்ஸில் இருப்பதை லேப்டாப்பின் லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுங்கள். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாத ஃபைலும் எஸ்பிடி என்று முடியும் ஃபோல்டரும் முக்கியம். எம்எஸ்எஃப் என்று முடிபவை வெறும் அட்டவணை. விட்டுவிட்டால் புரோகிராமே புதிதாக எழுதிக்கொள்ளும்.

புது மெயிலுக்கு லேப்டாப்பில் ஐமேப் முறையைத் தேர்ந்தெடுங்கள். கடிதம் சர்வரிலேயே இருக்கும். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே இன்பாக்ஸ் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். பில், ஏல விவரம் வந்த மெயில்களை அவ்வப்போது லோக்கல் ஃபோல்டர்ஸுக்கும் நகலெடுத்து, அதைத் தனி ஹார்டு டிஸ்கில் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருடத்து ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இதற்குப் பிறகும் போடியிலிருந்து வந்த பழைய தமிழ் மெயில்கள் சில கிறுக்கல் கிறுக்கலாகத் தெரியலாம். மெயில் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற குறியீடுகளில் தட்டச்சு செய்தவை அவை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை அப்போது அந்தந்த எழுத்துருதான் முடிவு செய்தது. அந்த வரிகளை எடுத்து என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் தமிழ் திரும்பி வரும்.

மகள் சொல்வதும் நியாயமானதுதான். கேரளத்துப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் லினக்ஸில்தான் பிள்ளைகள் பழகுகிறார்கள். தமிழ் வழிப் பள்ளியிலும் அதேதான். தண்டர்பேர்ட் லினக்ஸிலும் ஓடும். கடித ஃபைல்களும் அதே எம்பாக்ஸ்தான், அப்படியே எடுத்து வைத்தால் திறக்கும். கணக்கு எழுதும் மென்பொருளும் ஏலத்துக்கு வேண்டியவையும் லினக்ஸில் ஓடுமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கட்டும், கடைக் கணினியில் மகள் லினக்ஸ் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் 2007 வாக்கில் வந்த ஏதாவது ஒரு பில்லை, அட்டாச்மென்டோடு, லேப்டாப்பில் திறந்து பார்த்த பிறகுதான் அந்த டிஸ்கில் கைவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.