எல்லா அடர்நிறமும் ‘சூடு’ அன்று

கோடை தொடங்கியதும் எங்கள் சிறுநீரகப் பிரிவில் அடிக்கடி கேட்கும் வினா இது: “சிறுநீர் மஞ்சளாகப் போகிறது, உடம்புச் சூடுதானே?” பெரும்பாலும் ஆம். மக்கள் சூடு என்பதை நாங்கள் நீரிழப்பு என்கிறோம்.

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் யூரோபிலின் என்னும் நிறமியே சிறுநீருக்கு மஞ்சள் நிறம் தருகிறது. அது நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுகிறது. அதைக் கரைக்கும் நீர்தான் கூடிக் குறைகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறத்தாழ முழுவதையும் மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளியேற்றுகின்றன. வியர்வை மிகும்போது இது மேலும் குறைவதால் நிறம் அடர்கிறது. காலையின் முதல் சிறுநீர் எவருக்கும் சற்று அடர்ந்தே இருக்கும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். போதிய நீர் அருந்திய சில மணி நேரத்தில் நிறம் இளவைக்கோல் போல் வெளிறினால் கவலையில்லை.

வெளிறாத நிறமே எங்கள் கவனத்துக்குரியது. கட்டித் தேநீர் போன்ற நிறத்துடன் கண்களும் மஞ்சளித்தால் அது காமாலை. கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று நாட்களைக் கடத்தாமல் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள். தொண்டை வலியோ சிரங்கோ வந்து சில வாரங்கள் கழித்துக் குழந்தையின் சிறுநீர் கோலா நிறமாகி முகமும் வீங்கினால், அது சிறுநீரக அழற்சியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது வலியின்றி வரும் இரத்தம். ஒரு முறை சிவந்து, மறுநாள் தெளிந்துவிட்டால், “சூடு தணிந்துவிட்டது” என்று பலர் மறந்துவிடுகின்றனர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான், வலியில்லாமல், விட்டுவிட்டுத் தலைகாட்டுகிறது. புகைப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதற்கான வாய்ப்பு மிகுதி. வலி இல்லாமையை ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். முந்தைய நாள் உண்ட பீட்ரூட் பொரியலும் சிறுநீரைச் சிவக்கச் செய்யக்கூடும் என்பது உண்மையே; எளிய சிறுநீர்ப் பரிசோதனை அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்.

இதற்கு நேர்மாறான அச்சமும் உண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். கண்ணீரும் வியர்வையும்கூட அந்நிறம் பெறலாம். இதனால் தீங்கு ஏதுமில்லை. ஆனால் இரத்தம் என்றோ, மருந்தின் சூடு என்றோ அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் உண்டு. அவ்வாறு இடையில் நிறுத்தினால் நோய் மீளும். கிருமியும் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். வீட்டில் உடனிருந்து கவனிப்போர் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்வது நல்லது.

நிறத்தை நம்பக் கூடாதவர்களும் இருக்கின்றனர். சர்க்கரை அளவு மிக உயர்ந்தவர்க்குச் சிறுநீர் வெளிறி நிறையப் போகும், உடலோ வறண்டிருக்கும். நீர் பிரியும் மாத்திரை உண்பவர்க்கும் இவ்வாறு நேரலாம். சிறுநீரகச் செயலிழப்போ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் மஞ்சள் நிறத்தைக் கண்டு தாமாகவே நீரைக் கூட்டக் கூடாது. மருத்துவர் குறித்துத் தந்த அளவே அளவு. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் சூடு தணிக்க இளநீர் அருந்துவதும் ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும்.

மருத்துவமனைக்கு வரும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். நிறம் மாறிய வேளையில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் கூச்சமின்றிக் காட்டலாம். எங்களுக்கு அதில் அருவருப்பு ஏதுமில்லை.