ஓதும் பிள்ளை சோர்ந்து விழுவதேன்?

சுபுஹுக்குப் பின் மதரஸாவுக்கு ஓதப் போன பிள்ளை குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு தூங்கி விழுகிறான். பகலில் பள்ளிக்கூடத்து ஆசிரியரும் அதையே சொல்லி அனுப்புகிறார். "சோம்பேறி" என்று வாப்பா ஏசுகிறார். "கண்ணேறு பட்டிருக்கும்" என்று உம்மா தண்ணீர் ஓதி வாங்கி வருகிறார். பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பவர்தாம் எவருமில்லை.

ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால், நோய்க்கு மருந்து செய்துகொள்ளுங்கள் என்பதும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியன்றோ? ஆகவே இரத்தத்தையும் பார்க்க வேண்டும். கீழ் இமையின் உட்புறம் செக்கச் சிவந்திருப்பதற்குப் பதிலாக வெளுத்திருக்கிறதா? நகக்கண் வெளிறியிருக்கிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பல்பம், சாக்குக்கட்டி, பச்சரிசி, மண் இவற்றைத் திருட்டுத்தனமாகத் தின்கிறதா? இவையெல்லாம் இரத்தச் சோகையின் அடையாளங்களாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்தால் தெரிந்துவிடும். 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை. இந்நிலையில் உள்ள பிள்ளைக்குப் பாடம் மனத்தில் நிற்காது. பிரம்பெடுத்துப் பயனில்லை.

சோகைக்குக் காரணம் பல. நம் வீடுகளில் பெரிதும் கவனியாமல் விடப்படுவது வயிற்றுப் பூச்சியாகும். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும். மதரஸா பக்கத்துத் தெருவில்தானே என்று செருப்பில்லாமல் அனுப்பும் தாய்மார்கள் இதைக் கருத வேண்டும்.

கீரிப்பூச்சியின் சங்கதி வேறு. அது இரத்தம் குடிப்பதில்லை, தூக்கத்தைக் குடிக்கிறது. பிள்ளை உறங்கிய பின் பெண் பூச்சி ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். பிள்ளை அரிப்புத் தாளாமல் தூக்கத்திலேயே சொறியும். முட்டை நகத்துக்குள் சேரும். காலையில் அந்தக் கை வாய்க்கும் பாத்திரத்துக்கும் தம்பி தங்கைமாருக்கும் போகும். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துத் தண்ணீரில் விட வேண்டாம், இரவில் அது எங்கிருந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குடத்துக்குள் டம்ளரோடு கையையும் விட்டுத் தண்ணீர் மொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

நகத்தை நாற்பது நாளுக்கு மேல் வளர விடக்கூடாது என்பது மார்க்கம் வைத்த எல்லை. எல்லை வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. ஓதும் பிள்ளைகளுக்கு ஜும்ஆதோறும் வெட்டி விடுவதே நலம். "ஐந்து வேளை ஒளுச் செய்கிறோமே, கை சுத்தந்தானே?" என்று சிலர் கேட்பர். ஒளு தொழுகைக்குரிய தூய்மை. கழிவறை சென்று வந்த கைக்குத் தண்ணீரோடு சோப்பும் வேண்டும். கழிவறை வாசலில் ஒரு துண்டு சோப்பு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கீரிப்பூச்சி இருந்தால் வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து உண்ண வேண்டும்; இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. மருந்துண்ட மறுநாள் காலையிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டி, படுக்கை விரிப்பையும் உள்ளாடையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சுத்தமான வீடுகளிலும் இது வரும். வெட்கப்பட்டு மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடங்களில் கொடுக்கப்படும் பூச்சி மாத்திரையைச் சில வீடுகளில் பயந்து வேண்டாமென்கிறார்கள். 2015இல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கப்பட்டு, ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் கொடுக்கப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை, அதற்குக் கீழ் பாதி. மென்று தின்ன வேண்டும். வயிற்றில் பூச்சி மிகுந்த பிள்ளைக்குச் சற்றே வயிற்று வலியோ குமட்டலோ வந்து போகலாம். அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனிப் பசியாறுதல். ஆறரை மணிக்கு வெறும் சாயாவோடு ஓதப் போய், எட்டரைக்கு வந்து, ஓட்டமாய்ப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நண்பகல் வரை எதைக் கொண்டு படிக்கும்? புறப்படுமுன் ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீத்தம்பழமும், முடிந்தால் ஒரு குவளை கேழ்வரகுக் கஞ்சியும் கொடுங்கள். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அது வகுப்புக்கு முன் பரிமாறப்படுவது. மதரஸா நேரம் நீண்டால் நம் பிள்ளைக்குத் தவறிவிடும். ஜமாஅத்தார் உஸ்தாதைக் கலந்து கால் மணி முன்னதாக விடச் செய்தால் என்ன?

சாயாவைச் சோற்றோடும் பலகாரத்தோடும் கொடாதீர்கள். தேயிலையின் துவர்ப்பு உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. உணவுக்கும் சாயாவுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். ஈரல், சுவரொட்டி வாங்கும் நாளில் ஆண்களுக்கு எடுத்து வைத்து மிஞ்சியதைப் பெண்மக்களுக்குத் தருவது நம்மில் சில வீட்டு வழக்கம். இது நியாயமா? வயதுக்கு வந்த பெண்ணுக்கே மாதந்தோறும் இரத்தம் குறைகிறது. அவளுக்கே முதலில் வைக்க வேண்டும். இறைச்சி இயலாத நாளில் கீரையும் பருப்பும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ. புளிப்பு இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் புத்தகப் பைக்குள் போட்டு வைப்பதுண்டு. கேட்டுப் பாருங்கள். உணவுக்குப் பின் உண்ண வேண்டும். நோன்பு நாட்களில் இரவில் உண்ணலாம். மலம் கறுத்துப் போவது இயல்பே. ஆனால் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகள் சிறு குழந்தை கையில் அகப்பட்டு மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாத்திரைகளைப் பூட்டிய அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.