வாக்குச்சாவடிக்குள் நிறவெறுப்பு: ஸ்மெதிக் நகரம் தரும் பாடம்

 

வாக்கு ஓர் அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்த அமானிதத்தை இனவெறுப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதை, நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டு இம்மாதம் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை அடுத்துள்ள தொழில் நகரம் ஸ்மெதிக். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்குள்ள இரும்பு வார்ப்பு ஆலைகளுக்கு ஆட்கள் போதவில்லை. பஞ்சாபிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் அந்தக் கடினமான வேலைகளைச் செய்தார்கள். அதே காலத்தில் ஊரில் வீட்டுப் பஞ்சமும் இருந்தது. நகராட்சி வீட்டுக்காகப் பலர் காத்திருந்தார்கள். போதிய வீடுகள் கட்டப்படாததே குறை. ஆனால் பழி, புதிதாக வந்தவர்கள் மேல் விழுந்தது.

1964 அக்டோபரில் பொதுத்தேர்தல் வந்தது. 1945 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த லேபர் கட்சியின் பேட்ரிக் கார்டன் வாக்கர் மீண்டும் நின்றார். குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர் அவர். எதிர்த்து நின்றவர் கன்சர்வேடிவ் கட்சியின் பீட்டர் கிரிஃபித்ஸ். பக்கத்து வீட்டுக்குக் கறுப்பர் வர வேண்டுமானால் லேபருக்கு ஓட்டுப் போடுங்கள் என்ற பொருளில், இழிசொல் கலந்த வாசகம் ஒன்று ஊருக்குள் பரவியது. அதைத் தாம் வெளியிடவில்லை என்றார் கிரிஃபித்ஸ். ஆனால் அதைக் கண்டிக்க மறுத்துவிட்டார்.

நாட்டளவில் லேபர் கட்சி 13 ஆண்டுகளுக்குப் பின் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் ஸ்மெதிக்கில் காற்று எதிர்த்திசையில் வீசியது. கார்டன் வாக்கர் 1,774 வாக்குகளில் தோற்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நிறத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டேன்" என்று யாரும் வெளியே சொல்வதில்லை. வீடு இல்லை, கூட்டம் பெருகிவிட்டது, சுத்தம் இல்லை என்றுதான் பேசுவார்கள். கஷ்டம் உண்மையாக இருக்கும். அதற்குக் காட்டப்படும் காரணம் பொய்யாக இருக்கும். இனவெறுப்பு பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

விளைவு தேர்தலோடு நிற்கவில்லை. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி, வெள்ளையருக்கு மட்டும் தர வேண்டும் என்ற திட்டம் எழுந்தது. மத்திய அரசு அனுமதி மறுத்ததால் அது நிறைவேறவில்லை. 1965 பிப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அந்தத் தெருவுக்கே வந்து பார்த்தார். முந்தைய ஆண்டு ஹஜ்ஜில், எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே இறைவனைத் தொழுததைக் கண்டு மனம் மாறியவர் அவர். ஸ்மெதிக் வந்துபோன ஒன்பதாம் நாள் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனாலும் அதே வாக்காளர்கள் 1966 மார்ச் தேர்தலில் கிரிஃபித்ஸைத் தோற்கடித்தார்கள். வெறுப்பு ஊட்டப்படுவது; எனவே அதைக் களையவும் முடியும்.

இது அந்நிய நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கிவிட வேண்டாம். வாடகை வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் "வீடு முடிந்துவிட்டது" என்ற பதிலோடு திரும்பிய குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்த வலி நமக்குத் தெரியும். ஆனால் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையில் என்ன பேசுகிறோம்?

அரபியல்லாத தாயைச் சொல்லி ஒருவரை இழிவாகப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இருக்கிறது என்று அபூதர் (ரலி) அவர்களையே நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அத்தகைய தோழரிடமே அது எட்டிப் பார்த்ததென்றால், நம்மை நாம் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாக்களிக்கும் இடத்துக்கும் அது பொருந்தும்.

குடும்பத்தோடு பேசிப் பாருங்கள்:

1. ஒரு வேட்பாளர் நம் கஷ்டத்துக்கு வழி சொல்கிறாரா, அல்லது பழி சுமத்த ஆள் காட்டுகிறாரா?
2. இதே தகுதியோடு வேறு இனத்தவர் நின்றால் அவருக்கு நாம் வாக்களிப்போமா?
3. நம் சார்பில் நிற்பவரே பிறரை இழிவாகப் பேசினால் கண்டிப்போமா?

வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் நம்மை எவரும் பார்ப்பதில்லை. அல்லாஹ் பார்க்கிறான்.