உம்மும்மாவின் தையல் மெஷின்

உம்மும்மாவின் கால்மிதி சிங்கர் மெஷினை விற்றுவிட்டுப் புதியதொன்று வாங்கலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. அதன் பிறகே நான் அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தேன்.

ஐசக் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. துணிக்குக் கீழே இறங்கிய ஊசி சற்று மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக விரியும். கொக்கி அக்கண்ணியைப் பிடித்துப் பொபினைச் சுற்றிவரச் செய்யும். இரு நூல்களும் பின்னித் தையல் இறுகும். இன்றைய வீட்டு மெஷின்களும் இப்படித்தான் தைக்கின்றன. வேறுபாடு பாகங்களில்தான். மலிவான புதியவை பலவற்றில் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உள்ளன. அவை உடைந்தால் திருத்துவது கடினம். பழையதில் உடல் வார்ப்பிரும்பு, உட்பாகங்கள் உலோகம். பாரம் கூடியதால் அதிர்வும் குறைவு.

பழையதில் நேர்த்தையல் மட்டுமே வரும், ஜிக்ஜாக் வராது. ஆனால் உம்மா பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்கும் சட்டைகளுக்கு நேர்த்தையலே பெரும்பாலும் போதும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோதும் அவரது உழைப்பு நிற்கவில்லை. ஆகவே மெஷினை விற்கவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டிலும் இப்படியொன்று இருந்தால் பொபின் அறையில் சேரும் பஞ்சை அகற்றுங்கள். எண்ணெய்த் துளைகளில் மெஷின் எண்ணெய் இரு துளி விடுங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம். அது பிசினாகி இறுக்கிவிடும்.