பிளாஸ்மா வேலைன்னா ரத்த வங்கி இல்லை தம்பி

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருப் பையன் கேட்டான்: "அண்ணா, பிளாஸ்மா வேலைன்னா ரத்த வங்கியா?" பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவன். சிரிப்பு வரவில்லை, மூன்று வருடத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப்போய்ப் பொன்னிற டிரில் பிட் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதில் குண்டுமணி தங்கம் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு. 2, 3 மைக்ரான் பூச்சுதான்.

பூசும் விதம் இப்படி: சேம்பருக்குள் காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் ஆர்கான் விடுவார்கள். மின்னழுத்தம் கொடுத்ததும் வாயு பிளாஸ்மாவாகும். அதிலுள்ள அயனிகள் 'டார்கெட்' எனும் உலோகத் தகட்டில் மோதி, அணு அணுவாகப் பெயர்க்கும். பெயர்ந்தவை எதிரே உள்ள பொருளில் படியும். நைட்ரஜனும் சேர்த்து விட்டால் நைட்ரைடு. இதுதான் ஸ்பட்டரிங்.

இன்டர்வியூவில் மடக்கும் கேள்வி, "பல்ஸ் எதற்கு?" இதை மட்டும் ஊன்றிப் படியுங்கள். அலுமினிய டார்கெட் போட்டு ஆக்சிஜன் விட்டால், டார்கெட்டின் மேலேயே அலுமினா படியும். அது மின்சாரம் கடத்தாது. மின்னூட்டம் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் பளீரென்று ஆர்க் அடிக்கும்; உருகிய துளி தெறித்துப் பூச்சில் மரு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னழுத்தத்தைச் சற்றே தலைகீழாக்கி, சேர்ந்ததை இறக்கிவிடுகிறார்கள். இந்தப் பல்ஸ் முறைக்கு அண்ணன் ஹிப்பிம்ஸ் (HiPIMS). 1999-ல் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக்குப் பிறகு பரவியது. நூறு மைக்ரோ விநாடி வாக்கில் பெரும் சக்தியைக் கொட்டிவிட்டு நீண்ட ஓய்வு. பூச்சு நெருக்கமாக அமையும், ஆனால் படியும் வேகம் குறையும். இந்த 'ஆனால்' சொல்லாதவரை உங்களைப் புத்தகப் புழு என்றுதான் நினைப்பார்கள்.

டிகிரியை விடச் சுத்தம் முக்கியம். என் முதல் மாதத்தில் ஒரு லோடு பார்க்கக் கண்ணாடி மாதிரி வந்தது. செலோடேப் ஒட்டி இழுத்தேன். பெருவிரல் வடிவத்தில் பெயர்ந்துவிட்டது. கிளவுஸ் போட்ட கையால் மூக்கைச் சொறிந்திருக்கிறேன், அதே கையோடு பீஸைப் பிடித்திருக்கிறேன். சூப்பர்வைசர் திட்டவில்லை. அந்த டேப்பை என் லாக்கர் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

எங்கே போவது? ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை, வெயில் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி செய்கிறது. கோவையிலும் அம்பத்தூரிலும் வெட்டுக்கருவிகளுக்கான வேலை உண்டு. எந்திரம் கட்டவே ஆசையென்றால் பெங்களூரில் 1965-ல் தொடங்கிய ஹிந்த் ஹை வேக்யூம். ஆராய்ச்சிக்குக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்; எம்.எஸ்சி. முடித்தவர்கள் ஜே.ஆர்.எஃப். அறிவிப்பைக் கவனியுங்கள். டிப்ளமோ மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் பிள்ளைகளுக்குக் கருவிப் பூச்சுக் கூடங்களே எளிய வாசல். ரோட்டரி பம்ப் எண்ணெய் மாற்றவும், ஓ-ரிங்கைக் கீறாமல் பொருத்தவும், லீக் எங்கே என்று தேடவும் தெரிந்தால் அதை ரெஸ்யூமேயின் முதல் வரியிலேயே எழுதுங்கள். 'கடின உழைப்பாளி' என்ற வரியை அடித்துவிடலாம்.

"சம்பளம்ணா?" என்றான் பையன். ஆரம்பத்தில் பெரிதாக இராது, நைட் ஷிப்ட் உண்டு, பௌர்ணமி கிரிவலத்துக்கு லீவும் கிடைக்காது என்றேன். டிரில் பிட்டைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.