வீடியோ உரையாடலில் அந்தரங்கமும் பாதுகாப்பும்

மாணவர்களே, பருத்தித்துறையிலுள்ள உங்கள் வீட்டிலிருந்து ரொறன்ரோவில் வாழும் மாமாவுடன் வீடியோவில் கதைக்கும்போது, அதனை வேறெவரும் பார்க்கக்கூடாது என விரும்புவீர்கள். அதே வசதியினூடாக அறிமுகமற்ற ஒருவர் உங்கள் தங்கையைத் தொந்தரவு செய்தால், யாராவது தடுக்க வேண்டும் என எதிர்பார்ப்பீர்கள். முதலாவது அந்தரங்கம், இரண்டாவது பாதுகாப்பு. இரண்டையும் எவ்வாறு சமப்படுத்தலாம் என இங்கு நோக்குவோம்.

1. உரையாடலை யார் பார்க்கலாம்?

வாட்ஸ்அப் அழைப்புகள் முனைக்கு முனை மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. அதாவது, அனுப்புபவரின் கருவியில் பூட்டப்படும் தரவு பெறுபவரின் கருவியிலேயே திறக்கப்படும். இடையிலுள்ள சேவையகத்திடம் திறப்பு இல்லை. ஆகவே நிறுவனம் அழைப்பைப் பார்க்க முடியாது. இதனால் அந்தரங்கம் பேணப்படும். ஆனால் அழைப்பில் தவறு நடந்தாலும் நிறுவனம் தானாக அறியாது.

2. உதாரணம்: ஒமேகிள்

2009 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இத்தளம், முன்பின் அறியாத இருவரை உரையாடலில் இணைத்தது. பெயரைப் பதிவுசெய்யத் தேவையில்லை. 2014 இல் 11 வயதுச் சிறுமி ஒருவர் இதனூடாக வயதுவந்த ஆண் ஒருவருடன் இணைக்கப்பட்டுத் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானார். அவர் வளர்ந்தபின் 2021 இல் வழக்குத் தொடர்ந்தார். 2023 நவம்பரில் தளம் மூடப்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது: சிறுவரையும் அறிமுகமற்ற பெரியவரையும் இணைத்த அமைப்பே ஆபத்துக்கு வழிவகுத்தது. எனவே எல்லோரது உரையாடலையும் பார்ப்பது மட்டுமே பாதுகாப்புக்கு வழியன்று.

3. சமப்படுத்தும் வழிகள்

• வயது எல்லையை முறையாகச் சரிபார்த்தல்.
• அறிமுகமற்றோரின் அழைப்புகளைத் தடுத்தல்.
• பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்ய வசதியளித்தல். வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றி முறையிட்டால், அவர் இறுதியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை நிறுவனத்துக்குச் செல்லும். வீடியோக் காட்சி செல்லாது. ஆகவே இலக்கம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும்.

4. இலங்கைச் சட்டங்கள்

• 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்.
• 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். இது கருத்துச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்ற விமர்சனமும் எழுந்தது.

இரண்டும் 9 ஆம் இலக்கம் என்பதால் ஆண்டுகளை மாற்றி எழுதாதீர்கள்.

மாதிரி வினா

நிறுவனமொன்று எல்லா வீடியோ உரையாடல்களையும் கண்காணிப்பதன் (அ) நன்மை ஒன்று, (ஆ) தீமை ஒன்று தருக. (இ) மாற்று வழியொன்றை விளக்குக.

விடை

(அ) துஷ்பிரயோகத்தை விரைவாகக் கண்டறியலாம்.
(ஆ) தவறு செய்யாதோரின் அந்தரங்கமும் மீறப்படும்.
(இ) முறைப்பாடு கிடைத்த கணக்கை மட்டும் ஆராய்தல். இதனால் ஏனையோரின் உரையாடல் பார்க்கப்படாது.

நினைவிற் கொள்க: உங்களுக்கோ நண்பருக்கோ இவ்வாறு நேர்ந்தால் அது உங்கள் குற்றமன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.